விழ மறுத்த வில்லன்

கராத்தேப் போட்டியில் எதிராளி விழுந்துவிட்டால் முதலில் பதறுவது அடித்தவர்தான். நாங்கள் ஆடுவது புள்ளிச் சண்டை. குத்து முகத்துக்கு மயிரிழை தூரத்தில் நின்று, அதே வேகத்தில் கை திரும்பிவிட வேண்டும். ஆள் சுருண்டு விழுந்தாரோ, நடுவர் எச்சரிக்கை தருவார், வென்ற புள்ளியும் போகும். பாடசாலை நாளிலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரை இதையே பழகி, யாராவது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தால்கூட ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிற ஆளாக நான் ஆகியிருந்தேன். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் சண்டைப் படத்தில் நடிக்கப் போனேன்.

என்னை அழைத்தவர் எங்கள் போட்டியை வீடியோ எடுக்க வந்திருந்த ஓர் அண்ணை. கலியாண வீடுகள் எடுத்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பதக்கத்தோடு வெளியே வந்த என்னிடம், தோளிலிருந்த கமராவை இறக்காமலே கேட்டார்:

“தங்கச்சி, படத்திலை நடிப்பியளோ? கதாநாயகியே எல்லாரையும் அடிக்கிற கதை.”

“ஓம்” என்றேன். கதை என்னவென்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

புத்தூரில் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “போறதெண்டா போ. முகத்திலை காயத்தோடை வந்து நிக்காதை. பொம்பிளை பாக்க வாற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது?”

“அடிக்கிறது நானம்மா.”

“அதைத்தான் அவையளுக்குச் சொல்ல ஏலாது எண்டுறன்.”

படப்பிடிப்பு மயிலிட்டித் துறைமுகத்தில். கதைப்படி, அப்பாவின் வள்ளத்தைப் பறித்தவர்களிடம் மகள் தனியாகப் போய் அதை மீட்க வேண்டும். சண்டைக் கலைஞர்களுக்கு எங்கே போவது? கடலால் திரும்பி வந்த மீனவர்களையே இயக்குநர் அண்ணை அடியாட்களாக நிறுத்திவிட்டார். முதல் அடியாள், வள்ளம் இழுத்து இழுத்துப் பருத்த தோள்களோடு என்னைவிட இரண்டு மடங்கு இருந்தார். நான் பாய்ந்து குத்தினேன். அவர் இறங்குதுறைக் கட்டை மாதிரி அசையாமல் நின்றார்.

“கட்! அண்ணை, நீங்கள் விழ வேணும்.”

“படேல்லையே, தம்பி.”

“படாது அண்ணை. பட்ட மாதிரி விழ வேணும்.”

“படாமல் என்னெண்டு விழுறது? சனமெல்லோ பாத்துக்கொண்டு நிக்குது.”

சனம் பார்த்துக்கொண்டுதான் நின்றது. வலையோடு வந்தவர்கள், ஐஸ் பெட்டியோடு வந்தவர்கள், துறைமுகமே அங்கேதான். வள்ளத்துக்குள் இருந்து ஒருவர் கத்தினார்: “மச்சான், ஒரு பெட்டை அடிச்சு விழுந்தியெண்டால் இனி எங்கடை வள்ளத்திலை கால் வையாதை!”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை தரம் எடுத்தும் அவர் ஒரு முழங்காலை லேசாக மடித்தாரே தவிர, விழவில்லை. வெயில் சாயத் தொடங்கியது. இயக்குநர் அண்ணை என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

“தங்கச்சி, நாளைக்கு உவையள் தொழிலுக்குப் போயிடுவினம். வெளிச்சம் போறதுக்குள்ளை சரிவராட்டி சண்டையை மாத்த வேண்டியதுதான். கதாநாயகன் மோட்டார் சைக்கிளிலை வந்து உங்களைக் காப்பாத்தட்டும்.”

கதாநாயகன் பக்கத்தில்தான் நின்றான். வாழ்நாளில் ஒரு நுளம்பைக்கூட ஒழுங்காக அடித்திருக்க மாட்டான். அதற்குள் தலை சீவத் தொடங்கிவிட்டான். இவன் என்னைக் காப்பாற்றவா இவ்வளவு காலம் உதை பழகினேன்?

அப்போதுதான் கூட்டத்துக்குள் இருந்து அந்த அடியாளின் மனைவி முன்னுக்கு வந்தார்.

“இஞ்சை, விழுங்கோவன் அப்பா! வீட்டிலை நான் கதைக்க வெளிக்கிட்டாலே கட்டிலிலை விழுறனீங்கள். உதிலை விழ மட்டும் என்ன வெக்கம்?”

துறைமுகம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். “எடுங்கோ” என்றார்.

எப்படி விழுந்தார் தெரியுமா! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, அடுக்கியிருந்த மீன் பெட்டிகளைச் சரித்துக்கொண்டு, வலைக் குவியலில் மல்லாந்து விழுந்தார். நான் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கினேன்.

“ஐயோ அண்ணை! பட்டுப்போச்சோ?”

“கட்!” இயக்குநர் அண்ணை அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். “பிள்ளை, அவர் வில்லன்!”

அடுத்த தரம் ஓடவில்லை. பழக்கதோஷம், கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக் குனிந்து மரியாதை செய்துவிட்டேன். வள்ளத்தில் இருந்தவர் விடுவாரா? “அடிச்சுப்போட்டு அஞ்சலியும் செலுத்துறாளடா!”

இன்னும் ஒரு தரத்துக்குத்தான் வெளிச்சம் இருந்தது. குத்தினேன். அவர் விழுந்தார். என் கால் தானாக அவர் பக்கம் திரும்பியது. வலைக்குள் கிடந்த பிணம் ஒரு கண்ணைத் திறந்து சீறியது:

“என்னட்டை வராதை பிள்ளை! நான் செத்துப்போனன். அங்காலை மற்றவன் வாறான், அவனைப் பார்!”

திரும்பினேன். மற்றவர் உண்மையாகவே வந்துகொண்டிருந்தார். முழங்கையைக் காட்டியதும் அவர் நேரே கடலுக்குள் பாய்ந்தார். அது கதையிலேயே இல்லை. மூன்றாமவர், இவர்களைவிட நன்றாக விழவேண்டும் என்ற அவசரத்தில், என் கால் உயரும் முன்பே பறந்தார். நான்காமவரைத் தூக்கி எறிந்துவிட்டு மூச்சிரைக்க நின்றபோது பின்னால் யாரும் கிடக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை. வள்ளத்தின் கயிற்றை அவிழ்த்தேன். துறைமுகம் கைதட்டியது. கதாநாயகன் சீப்பைப் பையில் வைத்துக்கொண்டு, “நல்லாயிருந்தது அக்கா” என்றான். பாவம், நல்ல பெடியன்.

படம் யாழ்ப்பாணத்தில் திரையிட்ட அன்று மயிலிட்டிச் சனம் பஸ் பிடித்து வந்திருந்தது. வலைக்குள் கிடப்பவரின் உதடு அசைவது பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் இயக்குநர் அண்ணை ஒரு முனகலைப் போட்டிருந்தார். பின்வரிசையில் இருந்த அந்த அடியாளின் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. “உது முனகல் இல்லை. பிள்ளைக்கு வழி சொல்லுறார்” என்று தியேட்டர் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

வெளியே வந்தால் என்னோடு படம் எடுக்கக் கைபேசியோடு சனம். கண்ணாடி போட்ட ஒரு கனவான் என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “சும்மா நிண்டால் வடிவில்லை, தங்கச்சி. ஒருக்கா குத்துங்கோ, நான் விழுறன்.”

குத்தினேன். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வாசற்படியில் சரிந்தார். உடனே பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. அதை ஒழுங்குபடுத்த யாரும் கேட்காமலே புதுச் சாரம் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தவர் எங்கள் வில்லன் அண்ணைதான்.

“மூட்டை மாதிரி விழாதையுங்கோ! நெஞ்சிலை கையை வைச்சு, ஒரு சுத்துச் சுத்தி விழ வேணும். தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, கை உளையுதோ?”

“இல்லை அண்ணை.”

“அப்ப அடுத்த ஆளை விடுறன்.”