செருப்பைக் கழற்றிய வகுப்பு

புதுவயல் ரைஸ் மில் களத்தில் இருபது வருஷமாகப் புழுங்கல் நெல் காயவைக்கிறவள் மலையம்மாள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு படி நெல்கூட அரவைக்குப் போகாது. முதலாளிக்கே அந்தத் தைரியம் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் காரைக்குடியில் ஒரு கல்லூரி வாசலைப் பார்த்ததும் உள்ளே போகத் தயங்கி நின்றாள்.

அழைத்து வந்தவர் உணவியல் ஆசிரியை ஞானபூரணி. மில்லில் உழைக்கிறவர்களின் அறிவையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக, தொண்ணூற்று நாலிலிருந்து, மல்லுக்கட்டுகிறார். துறைத்தலைவர் உடையப்பன் கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

“ஒரே ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்க. தேறுச்சுன்னா பாடத்துல சேப்போம். இல்லைன்னா இந்தப் பேச்சையே விட்ருங்க.”

மேசைமேல் தட்டு நிறையப் புழுங்கல் நெல், கீழே அதன் மீதி ஒரு மூட்டை. எதிரே நாற்பது பிள்ளைகள், கடைசி பெஞ்சில் உடையப்பன். மலையம்மாள் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினாள்.

“காஞ்சிருச்சு. அரைக்கலாம்.”

ஈரம் பார்க்கும் கருவி பதினெட்டு சதவீதம் காட்டியது. பதினாலுக்கு இறங்காமல் அரைத்தால் குருணைதான் மிஞ்சும். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உடையப்பன் பேனாவை மூடினார்.

மலையம்மாளுக்கு மானமே போய்விட்டது. களத்தில் ஒருநாளும் தப்பாதவள்! ஆனால் களத்தில் அவள் கையால் பார்த்ததே இல்லையே. படித்தவர்கள் முன்னால் நெல்லை மிதிக்கக் கூசிக்கொண்டு கையை நம்பித் தொலைத்தாள்.

“சார், தப்பா நினைக்காதீக. நான் காலாலதான் பாப்பேன். மூட்டையைக் கீழ கொட்டச் சொல்லுங்க.”

தரையைக் கூட்டிப் பரப்பினார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நெல்லுக்குள் நடந்தாள். நாலு எட்டுத்தான்.

“மேல காஞ்சிருக்கு, உள்ள ஈரம். கால்விரல் இடுக்குல ஒட்டுது பாருங்க. ஒரே மூச்சா காயவச்சா நொறுங்கிரும். குவிச்சு மூடுங்க, உள் ஈரம் வெளிய வரட்டும். மத்தியானம் பிரிச்சுக் காயப்போடலாம்.”

அது மில்லில் ஆட்களை அதட்டுகிற குரல். பிள்ளைகள் மூடுவதற்குச் சாக்கு எடுக்க ஓடினார்கள்.

பாதி நெல்லை அவள் சொன்னபடியும், பாதியை ஒரே மூச்சிலும் காயவைத்தார்கள். மறுநாள் இரண்டையும் அரைத்துப் பார்த்தபோது அவளுடையது முழுசு முழுசாக விழுந்தது. மற்றது பாதிக்குப் பாதி குருணை.

உடையப்பன் இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அடுத்த வருஷப் பாடத்துல சேத்துருவோம் டீச்சர். நடத்துறவுக பேரு மலையம்மாள்னே போடுங்க” என்றார். பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அன்றைக்கு வந்திருந்த புது மூட்டை நெல் தரையில் பரப்பிக் கிடந்தது.

“எங்குட்டு நிக்கணும்மா?”

“இங்குட்டு வாங்க சார். காலைத் தூக்கக் கூடாது, இழுக்கணும்” என்றாள் மலையம்மாள்.