பொழுது சாய்ந்ததும் வந்த குரல்

நேற்றுச் சாயங்காலம் என் ரேடியோ, ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் பசியாவரத்தில் தெருவையே நடுங்க வைத்துவிட்டது. தெருவுக்கு நடுக்கம் விட்டுவிட்டது. எனக்குத்தான் இன்னும் விடவில்லை...

எனக்கு ரேடியோதான் எல்லாம் என்பது வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். போனில் வருகிற எச்சரிக்கையை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் புயலே கரையைக் கடந்துவிடும். ரேடியோ அப்படியா? வாயைத் திறந்து சொல்கிறது. நான் கேட்டுத் தெருவுக்குச் சொல்வேன். நான் சொன்னால் அவிழ்த்த படகைக்கூடத் திரும்பக் கட்டுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். மறைப்பானேன்?

நேற்று என் மகன் மணி கடலுக்குப் போயிருந்தான். மதியமே திரும்ப வேண்டியவன். பொழுது சாய்ந்தும் காணோம். மருமகள் தேவி போன் போட்டபடி இருந்தாள் — தொடர்பு எல்லைக்கு வெளியே. கொஞ்ச தூரம் போனாலே டவர் கிடைக்காது, அது பழகியதுதான். ஆனாலும் இருட்டுகிற நேரத்தில் அந்தப் பதிவுக் குரல் வேறு மாதிரி கேட்கிறது.

இறால் உரித்துக்கொண்டே ரேடியோவைத் திருகினேன். சென்னை ஸ்டேஷனைத் தேடப்போன முள் கொஞ்சம் தள்ளி நின்றது. கரகரப்புக்கு நடுவே ஒரு ஆண் குரல். தெலுங்கு. கடல் கொந்தளிக்கிறது... யாரும் மீன்பிடிக்க இறங்க வேண்டாம்... போன படகுகளில் சில இன்னும் கரை சேரவில்லை... எந்த ஊர்ப் படகு என்று சொல்ல வந்த இடத்தில் குரல் அமுங்கிவிட்டது. யாரோ தண்ணீருக்குள் பிடித்து முக்கியது போல. மறுபடி மேலே வந்தபோது பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.

சிங்களமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு முள்ளைத் தள்ளியிருப்பேன். வந்தது தெலுங்கு. சுண்ணாம்புக்குளம் தாண்டினால் ஆந்திரா. ஏரியில் பெரும்பங்கு அவர்கள் பக்கம். அப்பாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். தெலுங்கில் சொன்னால் பக்கத்து வீட்டில் சொன்ன மாதிரி. நம் கடலைத்தான் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

கை இறாலிலேயே நின்றுவிட்டது. கண்ணெதிரே ஏரி தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. அதைப் பார்த்தாவது நிதானம் வந்திருக்க வேண்டாமா? அடிப்பதற்கு முன்னால் இப்படித்தான் படுத்திருக்கும் என்று மனம் சொன்னது. பயந்த மனத்துக்கு எல்லாமே சாட்சி!

தேவியிடம் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. என் கொழுந்தன் கண்ணன் தேடப் போகிறேன் என்று படகைத் தள்ள ஆரம்பித்தார். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற முகத்துவாரம் பாதி மணல் மூடிக் கிடக்கிறது. இருட்டில் கொஞ்சம் தப்பினால் அலை கவிழ்த்துவிடும். ஒருவனைத் தேட இன்னொருவரை அனுப்புகிறேனா? போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. போ என்றும் வரவில்லை.

"வந்துருவாரு இல்ல, அத்த?" என்று தேவி என் கையைப் பிடித்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவள் நான். ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் இன்ஜின் சத்தம். முதலில் கேட்டவள் அவள்தான். "நம்ம போட்டு" என்றாள்.

ப்ளக் கெட்டுவிட்டதாம், சரிபண்ண நேரமாகிவிட்டதாம். மணி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு இறங்கினான். கூட்டத்தைப் பார்த்து விழித்தான். விஷயம் தெரிந்ததும் ரேடியோவை எடுத்துக் காதில் வைத்து, ஸ்டேஷன் பேர் சொல்லும்வரை காத்திருந்தான். விசாகப்பட்டினம். ஆந்திராவின் அந்தக் கோடி.

தெரு சிரித்தது. கண்ணன் வியர்வையைத் துடைத்தபடி, "நல்லவேள அண்ணி, அமெரிக்கா ஸ்டேஷன் மாட்டல. போட்ட அங்க வுடச் சொல்லியிருப்பீங்க" என்றார்.

மணி ஐ.டி.ஐ. படித்தவன். விளக்கினான். பகலில் ரேடியோ அலை தரையோடு, தண்ணீரோடு தவழ்ந்து வருமாம். உப்புத் தண்ணீர் மேல் இன்னும் நன்றாக ஓடும், அதனால்தான் சென்னை ஸ்டேஷன் கடலுக்குள் வெகுதூரம் வருகிறது. அதற்கப்புறம் தேய்ந்துவிடும். மேலே போகிற அலையை வெயிலில் வானத்தில் உண்டாகிற ஒரு அடுக்கு விழுங்கிவிடுமாம். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் உயரே போய், அங்கே இருக்கிற வேறொரு அடுக்கில் பந்து மாதிரி பட்டுத் திரும்பி எங்கேயோ தூரத்தில் விழும். நேற்று என் வாசலில் விழுந்தது. அதுவும் நிலையாக நிற்காது, ஏறும், இறங்கும்.

"பகல்ல தேடிப் பாரு, வெறும் எரச்சல்தான் வரும்" என்றான்.

எல்லோரும் கலைந்தார்கள். மணி சாப்பிட உட்கார்ந்தான். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"அப்ப அந்தப் போட்டுங்க, நைனா?" பெற்ற பிள்ளையும் எனக்கு நைனாதான்.

"எந்தப் போட்டு?"

"கர சேரலன்னானே. அதுங்க."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "அது ரொம்ப தூரம்மா" என்றான். சிரிக்கவில்லை.

தூரம்தான். ஆனால் செய்தி பொய்யில்லையே? என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, வேறொருத்தி வீட்டைத் தேடிப் போயிருக்கிறது. அவள் மகன் பெயர் என்னவோ... அவனுக்கும் வெறும் ப்ளக்தானா?

இதை நான் சொல்ல, தேவி எழுதிக்கொண்டிருக்கிறாள். உச்சிவெயில். காலையிலிருந்து முள்ளை அதே இடத்தில்தான் வைத்திருக்கிறேன். மணி சொன்னபடியே இரைச்சல்.

பொழுது எப்போது சாயும் என்று காத்துக் கிடக்கிற மீன்காரி, இந்த ஏரிக்கரையில் இன்று நான் ஒருத்திதான்.