மூன்று விரல்

என் சித்தி பெற்ற மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவளை நாங்கள் அணில் என்போம். ஒரு சரக்குக் கிடங்கில் ஏணி போட்டு மேல்தட்டுப் பெட்டிகளை இறக்குவது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் கால் இடறியதில்லை.

ஒருநாள் காலை மேலிருந்து ஒரு பெட்டி சரிந்து அவள் தலையில் விழுந்தது. ரத்தம் இல்லை, மயக்கமும் இல்லை. அந்தக் கிடங்கில் தலையில் அடிபட்டால் ஒரே சோதனைதான். சூப்பர்வைசர் வந்து விரலை நீட்டுவார்.

"இது எத்தனை?"

"மூணு சார்."

"நல்லாத்தானே எண்ணுற? ஏறு."

ஏறினாள். மதியத்துக்குள் இரண்டு தடவை வாந்தி. விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சாப்பாட்டுப் பை எங்கே என்று நாலு முறை கேட்டாள்.

"சினிமாக்காரி தோத்தா போ!" என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து அவள் பெயர் நடிகை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மூளை குலுங்கியிருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் முதல் பாதியை மட்டும் ஊருக்கே படித்துக் காட்டினார். ஏணி போய் அவள் கைக்குத் துடைப்பம் வந்தது.

"அக்கா, நான் நடிக்கலன்னு அந்த ஆளு வாயாலயே எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுவரைக்கும் அந்த இடத்த விட்டு நகர மாட்டேன்" என்றாள் என்னிடம். மாமியாரோடு ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்த சித்தியின் மகள் வேறெப்படிப் பேசுவாள்?

அவளுக்கு அடிபட்ட நாலாம் வருஷம், பாதி இறங்கிய இரும்பு ஷட்டரில் சூப்பர்வைசர் தலை மோதியது. எல்லோரும் ஓடினார்கள். அணில் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு, நிதானமாகப் போய் மூன்று விரலை நீட்டினாள்.

"இது எத்தனை சார்?"

"மூணு. எனக்கு ஒண்ணுமில்ல. லாரி வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"லாரி வந்தாச்சா?"

மூன்றாம் முறையும் அதையே கேட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

"விரல சரியா எண்ணினீங்களே. அப்போ இது நடிப்பா?"

"இல்லம்மா... தலை சுத்துது."

"அப்போ நான்?"

"நீயும் நடிக்கல."

வண்டி வந்தது. ஏற்றி அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பினார். அன்று நடந்தது ஒன்றும் நினைவில்லை. "நானா? அப்படியா சொன்னேன்?"

போனால் போகட்டும் என்று விட அவள் வேறு வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். எல்லோரையும் கூட்டி நிறுத்தினாள்.

"மறந்திருந்தா என்ன, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார். அவள் துடைப்பத்தை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போனாள்.