காசநோய்தான் என்று சொன்ன நாள்

2008-ஆம் வருடம், ஆடி மாதம். நாங்கள் அப்போது திருப்பூர் வீரபாண்டியில் குடியிருந்தோம். என் கணவர் நிட்டிங் மிஷின் ஓட்டுபவர். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். அவருக்கு விடாத இருமல். பஞ்சுத் தூசியால்தான் என்று மருந்துக்கடை டானிக்கிலேயே நாளைக் கடத்தினோம். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் கோயமுத்தூருக்கு ஓடினோம். ஸ்கேனில், நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது.

“படத்த வெச்சு என்ன கட்டின்னு சொல்ல முடியாதும்மா. ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும்” என்றார் டாக்டர்.

ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அந்தப் பயத்தோடுதான் ஊசி போடும் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு வட இந்தியத் தொழிலாளி. திருப்பூரில் பேக்கிங் வேலை செய்பவர். துணைக்கு யாருமில்லை. நர்ஸ் வெளியே வந்து, “இங்க யாருக்காச்சும் இந்தி தெரியுமா?” என்று கேட்டார். கம்பெனியில் வடக்கத்திக்காரர்களோடு பழகி எனக்கு ஓரளவு பேச வரும். நான் தயங்கியதைப் பார்த்த என் கணவர், “போ அம்மிணி. பாவம், ஒத்தையில வந்துருக்காரு” என்றார்.

உள்ளே அந்தத் தொழிலாளி குப்புறப் படுத்திருந்தார். மூச்சை அடக்குங்கள், அசையாதீர்கள், இருமல் வருகிற மாதிரி இருந்தால் முன்பே சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொன்னேன். விலா எலும்புகளுக்கு நடுவே அந்த நீள ஊசி இறங்கியது. நூல் துண்டு போல ஒரு பிசிறு சதை சின்ன பாட்டிலுக்குள் விழுந்தது. அவ்வளவுதான். இதை வைத்துத்தான் ஒரு மனிதனின் தலையெழுத்தைச் சொல்லப் போகிறார்கள்.

அடுத்து என் கணவரின் முறை. அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் என்னை உள்ளே விடவில்லை.

முடிவு சொல்லும் நாளிலும் அந்த வடக்கத்திக்காரர் எங்களுக்கு முன்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் கையோடு உள்ளே கூட்டிப் போனார். டாக்டர் சிரித்தபடியே, “புற்றுநோய் இல்ல, காசநோய்தான். மாத்திரைய விடாமச் சாப்பிட்டாக் குணமாயிரும்னு சொல்லும்மா” என்றார். நான் சொன்னேன். அந்த மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். காசநோய் என்று கேட்டு ஒருவர் சந்தோஷத்தில் அழுததை அன்றுதான் பார்த்தேன். எங்களுக்கும் இதே வார்த்தைதான் வரப்போகிறது என்று நம்பிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் என் கணவரைப் பார்த்து, “நீங்க செத்த வெளியில உக்காருங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. புற்றுநோய், எலும்புவரை போய்விட்டது என்பது மட்டும் கேட்டது.

வெளியே வந்தால், அந்த வடக்கத்திக்காரர் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்து, தன் குழந்தைகளின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். “பையாவுக்கு எப்படி?” என்று, அண்ணன் முறை வைத்து, என்னிடம் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொன்னேன். வேறென்ன சொல்வது?

திருப்பூர் பஸ்ஸில் என் கணவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவிநாசி தாண்டிய பிறகு, “அந்தாளுக்காவது நல்லதாப் போச்சு அம்மிணி. சின்னச் சின்னக் கொழந்தைகள ஊர்ல உட்டுட்டு வந்துருக்காரு” என்றார்.

‘அந்தாளுக்காவது’ என்றதும்தான் எனக்குப் புரிந்தது. நான் மறைத்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். என்னைத் தேற்றியது அவர்தான்.

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. தன் உயிர் போகப் போகிறது என்று தெரிந்த அன்றைக்கே இன்னொருவர் பிழைத்ததை நினைத்து ஆறுதல்பட அவரால் முடிந்தது; எனக்கு இத்தனை வருடமாகியும் அந்த மனசு வரவில்லை.