பாபநாசத்துக்குக் குறுக்குவழி

என் அத்தை மகன் ஜெயித்த கோப்பைகளை வைப்பதற்கென்றே அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி செய்தார்கள். திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த அலமாரியைப் பார்க்காமல் நான் வீடு சேர முடியாது. சுற்றிப் போக ஒரு சந்து உண்டு. தொண்ணூறுகளில் பாதி நாள் நான் அந்தச் சந்து வழியாகத்தான் போனேன்.

நான் கணக்கு வாத்தியார், அவன் பந்தயக்காரன். இரண்டு பேரும் என் அப்பாவின் மோட்டார் சைக்கிளில்தான் ஓட்டப் பழகினோம். பழகிய புதிதில் நான்தான் வேகம். இதை இப்போது சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை, அதனால் எழுதியாவது வைக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் மண்பாதைப் பந்தயம் வைத்தார்கள். இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். முதல் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, “வேலைக்கு ஆர்டர் வருத நேரத்துல கைகால ஒடிச்சிக்கிடாதலே” என்றார். நான் அடங்கிவிட்டேன். அவனை அடக்க அப்பா கிடையாது, சின்ன வயதிலேயே போய்விட்டார். அவன் என் அப்பாவின் வண்டியையே இரவல் வாங்கிக்கொண்டு போய் ஜெயித்து வந்தான்.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். அவன் சென்னைப் பக்கம் தார்ப்பாதையில் பைக் ஓட்டப் போனான். மண் வேறு, தார் வேறு, வழுக்கி விழுவான் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். மூன்றாவதாக வந்தான், அடுத்த முறை முதலாவதாக. கார் பந்தயத்துக்குப் போனான். இரண்டு சக்கரம் பழகின கைக்கு நாலு சக்கரம் வராது என்றேன். வந்தது. கூரையில்லாத ஒற்றை ஆள் கார், தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற குட்டிக் கார், மலையேற்றப் பந்தயம் என்று தொட்டதெல்லாம் துலங்கியது. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்ற பழமொழியை எங்கள் பள்ளித் தமிழாசிரியரை விட நான்தான் அதிகம் சொல்லியிருப்பேன். இந்தத் தச்சன் எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்த்தான்.

ஒவ்வொரு முறை அவன் ஜெயித்து வரும்போதும் அத்தை வாசலில் நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு” என்று சொல்லிக்கொண்டே சுற்றுவாள். உறவுக்கண் பக்கத்தில்தான் மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மிளகாய் நெடி எனக்கு மட்டும் ஏறி இருமுவேனோ என்று பயந்துகொண்டிருப்பேன்.

அவனுக்கு மிச்சமிருந்தது ராலி என்கிற நெடுந்தூரக் கார் பந்தயம் ஒன்றுதான். “மத்ததெல்லாம் ஒரே வட்டத்தச் சுத்திச் சுத்தி வருதது மச்சான். ராலின்னா ஊரு ஊராப் போலாம்” என்பான். மதுரையில் கிளம்பிப் பாபநாசத்தில் முடிகிற ராலி ஒன்று வந்தது. அதில் ஜெயித்தால் அடுத்த வருஷம் முழுக்க ராலி ஓட்ட வண்டி தருவதாக, இந்த ஒரு தடவைக்கு வண்டி கொடுத்திருந்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். சொந்தமாக வண்டி வாங்க அவனுக்கு வழியில்லை. இது போனால் ராலி போனது போலத்தான்.

அந்த ராலியில் முந்துவது வெற்றி ஆகாது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு இத்தனை நிமிஷம் என்று விதித்திருப்பார்கள். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். அம்புக்குறி போட்ட வழிப் புத்தகத்தைப் படித்து, கடிகாரம் பார்த்து, வேகத்தைக் கூட்டு, குறை என்று சொல்ல ஓட்டுபவன் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நடுவில் எங்காவது மரத்தடியில் ரகசியச் சாவடி இருக்கும். அங்கே நம் அட்டையில் முத்திரை வாங்காவிட்டால் தொலைந்தது. அதற்கென்று அவன் பேசி வைத்திருந்த ஆளுக்கு மஞ்சள்காமாலை. “கணக்கு உனக்குத் தண்ணி பட்ட பாடுல்லா, நீ வந்து உக்காரு” என்று என்னைக் கூப்பிட்டான். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காகவும் அவன் மேல் எரிச்சல் வந்தது.

திருநெல்வேலி தாண்டும்வரை எங்கள் கணக்கு ஒரு நொடிகூடப் பிசகவில்லை. நாங்கள்தான் முதலில் இருந்தோம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ரயில்வே கேட்டை எங்கள் முகத்துக்கு நேரே மூடினார்கள். செங்கோட்டை ரயில் ஆடி அசைந்து போய் முடிய ஏழு நிமிஷம்.

“மிதிச்சிப் பிடிச்சிருதேன் மச்சான். நீ புக்கப் பாத்துச் சொல்லு” என்றான் அவன்.

“புக்கு கெடக்கட்டும். முன்னால வாய்க்கா கரையில ஒரு வழி பிரியுது. சுத்தாமப் போயிரலாம்.”

“நடுவுல சாவடி இருந்துச்சுன்னா?”

“இங்கன எவன் வைப்பான்? இது எங்கம்மை ஊருலே. எனக்குத் தெரியாதா?”

அவன் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். “நெசமாத்தான் சொல்லுதியா?”

“திருப்புலே.”

திருப்பினான். வழிப் புத்தகத்தை விட்டு விலகக் கூடாது என்று அன்று காலையில் அவனுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். வேண்டுமென்று கெடுத்தேனா என்று கேட்டால் இல்லை. அவன் மிதித்துப் பிடித்தால் வெற்றி அவனுடையது. என் வழியில் போய்ப் பிடித்தால், ‘வாத்தியாரு இல்லன்னா இவன் ஏது’ என்று டவுண் முழுக்கப் பேசும். ஒரு தடவை அதைக் காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

விதித்த நிமிஷத்தில் பாபநாசம் கோயில் முன்னால் போய் நின்றோம். நான் கடிகாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அதிகாரி எங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு கட்டம் காலியாக இருந்தது. நாங்கள் விட்டுவிட்டு வந்த வளைவில், ஒரு புளியமரத்தடியில், இரண்டு பேர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தார்களாம். முதலில் இருந்தவன் ஒன்பதாவது ஆனான்.

கோயம்புத்தூர்க்காரர் மெதுவாக நடந்து வந்தார். “யாருங்க திருப்பச் சொன்னது?”

நான் வழிப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவன், “நான்தாங்க. அவசரப்பட்டுட்டேன். இவன் வேண்டாம்னுதான் சொன்னான்” என்றான்.

“கை இருந்தாப் பத்தாதுங்க தம்பி, பொறுமையும் வேணும்” என்று சொல்லிவிட்டு அவர் வேறொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது அம்பாசமுத்திரத்தில் டீ குடித்தோம். “ஏம்லே அப்பிடிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“நீ வாத்தியாரு, ஊருல ஒரு பேரு இருக்கு. எனக்கென்ன, இது இல்லன்னா இன்னொரு பந்தயம்” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ‘உனக்கு இன்னொன்று கிடையாது’ என்றுதான் என் காதில் விழுந்தது.

ராலி ஓட்ட மறுபடி அவனுக்கு வண்டி கடைசிவரை கிடைக்கவில்லை. அலமாரியில் அந்த ஒரு கோப்பை மட்டும் இல்லை. அதற்கப்புறம் நான் சந்து வழியாகப் போவதை விட்டுவிட்டேன். அந்தக் காலி இடத்தைப் பார்க்கையில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் ராலி முடிந்த அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். என்னை விடுவதற்காக அவனும் எங்கள் வீட்டுக்குள் வந்தான். அப்பா செம்பில் தண்ணீர் கொடுத்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“தப்பு என்னோடதுதான் மாமா. குறுக்க போயிட்டேன்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்துல இருந்து என்னலே செஞ்ச? சொல்லலையா?”

அங்கே கோயம்புத்தூர்க்காரர் இல்லை, அவர் தருவதாகச் சொன்ன வண்டியும் இல்லை. எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமே இல்லை.

“சொன்னேம்ப்பா. கேக்கல” என்றேன்.

அவன் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தான். “ஆமா மாமா, சொன்னான்” என்றான்.