நாற்பத்தேழாம் பக்கம்

அச்சகத்தில் அவருக்குப் பெயர் கமா. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை எதிராளி முடித்துக்கொள்ளட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. மற்றவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவதைக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கம்பெனி அறிக்கை, பாடப்புத்தகம், கவிதைத் தொகுப்பு, எதைக் கொடுத்தாலும் அடிப்பார். வாய்தான் இழுக்குமே தவிர விரல் பிசகாது.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மரியாதைக்காகப் பழக்கம் என்கிறேன். திருட்டுத்தனம் என்று சொன்னால் அவரே மறுக்க மாட்டார். கவிதைத் தொகுப்பு ஏதாவது கைக்கு வந்து, அதில் ஒரு கவிதை மனதைப் பிடித்துவிட்டால், அதை அடித்து முடித்த கையோடு அடியிலேயே தன் பதில் கவிதையையும் அடித்துவிடுவார். அங்கே ஒருவர் மழையைப் பாடியிருந்தால் இவர் நனைந்தவன் பக்கத்திலிருந்து பேசுவார். பதில்களை மட்டும் நீல எழுத்தில் வைத்துக்கொள்வார். கோப்பு அடுத்த மேசைக்குப் போகுமுன் நீலத்தையெல்லாம் தேடி வெட்டித் தன் கோப்பில் ஒட்டிக்கொள்வார். அப்படி நானூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தன. ஒன்றைக்கூட ஒரு ஜீவனிடம் காட்டியதில்லை, கட்டிய மனைவி உட்பட.

ஊரில் அவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது ஒரே ஒரு கவிஞரைத்தான். இரண்டு தெரு தள்ளிக் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா. கமாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பாதிக் கவிதையை நோட்டிலும் மீதியை மருந்துச் சீட்டுகளின் பின்புறத்திலும் எழுதி, ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தனுப்புவார். அவருடைய நான்காவது தொகுப்பில் ஒரு கவிதை இருந்தது. பல்வலியோடு காத்திருந்த யாரோ ஒருவர் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார், டாக்டர் எட்டிப் பார்க்கிறார், நாற்காலி காலி. அவ்வளவுதான் கவிதை. கமா அன்று மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து, எழுந்து போன ஆளாக மாறிப் பதில் எழுதினார்:

பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது
நான் படியிறங்கியிருந்தேன்.
வலி என்னோடுதான் வந்தது.
நீங்கள் எட்டிப் பார்த்த நாற்காலியில்
கொஞ்ச நேரம் என் சூடு இருந்திருக்கும்.

எழுதியதும் தலைகால் புரியவில்லை. அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நப்பாசை. நீலத்தைக் கறுப்பாக மாற்றிப் பார்த்தார். ரொம்ப அழகாக இருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார், கமா எழுந்து போனார், திரும்பி வந்து வேறு வேலையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நீலத்தைத் தேடி வெட்டியபோது கறுப்பு தப்பித்துக்கொண்டது. பக்கம் அமைப்பவர் அதைப் பக்கத்தில் ஏற்றினார், ப்ரூஃப் டாக்டரிடம் போனது, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார், புத்தகம் வந்துவிட்டது.

புத்தகக் கட்டைப் பிரித்துப் புரட்டியபோதுதான் கமா பார்த்தார். நாற்பத்தேழாம் பக்கத்தில் அவர் கவிதை. வேலை போய்விடும் என்று பயந்தார், உண்மைதான். ஆனால் பயத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். அன்றைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பதினோரு தடவை திறந்து பார்த்தார். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வெளியீட்டு விழாவில் ஒரு பேராசிரியர் போயும் போயும் அந்தக் கவிதையையே எடுத்து, குரல் தழுதழுக்கப் படித்தார். அரங்கம் கைதட்டியது. மேடையில் டாக்டர் தலை குனிந்திருந்தார். எவ்வளவு தன்னடக்கம் என்று கமா நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போனது. கமாவின் மனைவி மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்: "உங்க டாக்டரம்மா நேத்து கடைக்கு வந்தாங்க. ஞாபகசக்திக்கு மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். தலைக்கு ஸ்கேன்கூட எடுத்தாச்சாம். புத்தகத்துல வந்த கவிதை ஒண்ணை அவங்க எழுதினதாவே ஞாபகம் இல்லையாம். நோட்டுல தேடி, சீட்டையெல்லாம் கொட்டித் தேடியும் கிடைக்கலையாம். அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். கிளினிக்கையே மூடிட்டாங்க. 'எந்தப் பல்லைப் பிடுங்கணும்னு மறந்துட்டா யாரும்மா பதில் சொல்றது'ன்னு சிரிச்சாங்க. அது சிரிப்பா? எனக்குப் பார்க்கவே முடியலை."

கமாவுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. "அது... நான்..." என்றார். வழக்கம்போல நிறுத்தினார். ஆனால் இதை மனைவி முடித்துக் கொடுக்க வழியில்லை. அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடக் கதையைத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "நீங்க கவிதை எழுதுவீங்களா?" என்றாள்.

"ம்."

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" அவள் கண் கலங்கியிருந்தது. "அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கையைக் கழுவிட்டுச் சட்டையை மாட்டுங்க. ஒரு மனுஷி மூளை கலங்கிப்போச்சுன்னு உக்காந்திருக்காங்க. முழுசா சொல்லணும். வழக்கம்போலப் பாதியில நிறுத்திட்டு வந்தீங்க, நான் கதவைத் திறக்க மாட்டேன்."

கிளினிக்கின் மாடியில்தான் டாக்டரின் வீடு. கூடத்துத் தரையெல்லாம் மருந்துச் சீட்டுகள் வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தேதி. எதை எப்போது எழுதினோம் என்று டாக்டர் தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இடமில்லை. கமா நின்றபடியே சொன்னார். நடுவில் நாலு இடத்தில் குரல் நின்றது. ஒவ்வொரு தடவையும் எச்சிலை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

டாக்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கமாவுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை?"

"இல்லீங்க டாக்டர்."

"ப்ரூஃப்லயே பார்த்தேன். எப்ப எழுதினோம்னு தெரியலை, ஆனா நம்மளோடதுதான்னு நெனச்சு கையெழுத்துப் போட்டேன். சந்தேகமே வரலை." நிமிர்ந்து கமாவைப் பார்த்தார். "விழாவுல அதைப் படிச்சாங்களே, நீங்க இருந்தீங்க இல்ல?"

"இருந்தேன்."

"மூணாவது வரிசையில. எழுந்து நின்னு கை தட்டினீங்க. நான் மேல உக்காந்து அம்மாவை நெனச்சு அழாம இருக்கப் பாடுபட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கமா தரையைப் பார்த்தார். தரையிலும் பார்ப்பதற்கு டாக்டரின் கவிதைகளே கிடந்தன. "மன்னிச்சிருங்க" என்றார். டாக்டர் பட்ட ஒரு மாதப் பாட்டுக்கு அந்த ஒரு சொல் எந்த மூலைக்கும் காணாது என்று அவருக்கே தெரிந்தது.

டாக்டர் கத்தவில்லை. முதலாளியிடம் சொல்வேன் என்று மிரட்டவும் இல்லை. "ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு மிச்சமிருக்கிற எல்லாப் புத்தகத்துலயும் வையுங்க. உங்க பேரைப் போட்டு. மத்தவங்க எழுதினதை நான் எழுதினேன்னு வெச்சுக்க முடியாது" என்றார். பிறகு குனிந்து சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். உதவிக்குக் குனிந்த கமாவிடம், "வேண்டாம், நீங்க தொடாதீங்க" என்றார்.

மறுநாள் கமா முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, சீட்டைத் தானே அடித்தார். 'நாற்பத்தேழாம் பக்கக் கவிதை ஆசிரியருடையது அன்று. தட்டச்சு செய்தவர் எழுதியது, தவறுதலாகச் சேர்ந்துவிட்டது.' கீழே தன் பெயர். ஆயிரக்கணக்கான பக்கம் அடித்தவருக்குத் தன் பெயரை அச்சுக்கு அடிப்பது அதுதான் முதல் தடவை. கை இரண்டு முறை பிசகியது. முந்நூற்று எண்பது புத்தகத்திலும் ஒவ்வொன்றாகத் திறந்து செருகினார். டாக்டர் அந்த வாரமே கிளினிக்கைத் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டார்.

ஒரு புத்தகத்தை மனைவிக்குக் கொண்டுபோனார். அவள் கடையிலிருந்து வந்த உடையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாற்பத்தாறாம் பக்கத்து டாக்டர் கவிதையையும் படித்தாள், நாற்பத்தேழையும் படித்தாள். பிறகு சீட்டை எடுத்து அவர் பெயரை விரலால் ஒரு தடவை தடவினாள். அவள் கோபம் தணிந்திருந்தது.

"எனக்குக் கவிதையெல்லாம் என்ன தெரியும்" என்றாள். "ஆனா நல்லா இருக்குங்க. சத்தியமா. அப்படியே அந்தம்மா எழுதின மாதிரியே இருக்கு."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள், ஆனால் அவர் காதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் நின்றது. கமா தலையாட்டிவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார்.