மூன்று உழக்கு அரிசி

அம்மா இறந்து பதினேழாம் நாள், துக்கத்துக்கு வந்திருந்த சித்தியும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். ராஜபாளையம் வீட்டில் அப்பா, நான், தம்பி மூன்று பேர்தான் மிச்சம். நான் ஐந்தாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு ராணுவத்தில் சமையல் வேலை. இருநூறு பேருக்கு வடிக்கிறவருக்கு மூன்று பேருக்கு வடிக்க வரவில்லை. முதல் நாள் சோறு தெரு நாய்கள் வரைக்கும் போனது. மறுநாள் பத்தவில்லை, எங்களுக்குப் போட்டுவிட்டு அவர் தண்ணீரைக் குடித்தார்.

“அம்மா எம்புட்டு அரிசி போடுவா?”

“உழக்குக் கணக்குப்பா.”

“உழக்கு எனக்குப் பிடிபடாது தாயி. கிராம்ல சொன்னாத்தான் கை வரும்.”

அரிசி அளப்பது வீட்டில் என் வேலை. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அம்மா ஓர் எண் சொல்வாள். தலை தட்டி அளந்து பானையில் போடுவேன். நாள் முழுவதுக்கும் அந்த ஒரே உலைதான். ஆகவே ஓர் உழக்கு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்க, தகர உழக்கையும் ஒரு பை அரிசியையும் தூக்கிக்கொண்டு, அப்பாவுக்கு வழிகாட்டுகிற பெருமையோடு முக்கு மளிகைக் கடைக்கு நடந்தேன்.

அப்பா அந்தப் பதினேழு நாளும் வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: “அவளுக்கு எப்ப இருந்து முடியல?” ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், இலை முன்னால் உட்கார்ந்தபடியே அம்மா மயங்கிச் சாய்ந்தாள். வயிற்றில் கட்டி. மாசக்கணக்காக இருந்திருக்கும் என்றார் மதுரை டாக்டர். அப்பா ரயில் பிடித்து வந்து சேர்ந்தபின் ஒன்பது நாள் இருந்தாள். தினமும் சாயங்காலம் போனில் “சாப்பிட்டியா?” என்று அவர் கேட்டதும், “ஆச்சு” என்று அவள் சொன்னதும் எனக்கே தெரியும்.

கடைக்கார அக்கா ஓர் உழக்கு அரிசியைத் தராசில் கொட்டினாள். இருநூற்றெழுபது கிராம். அப்பா ஒரு பேப்பர் துண்டில் எழுதிக்கொண்டார்.

“எத்தனை உழக்கு போடுவா?”

“எப்பப்பா?”

“எப்பன்னா?”

“ஆடித் தேருக்கு முன்னாடி மூணு. பொறவு ரெண்டரை போதும்னு சொன்னா. அரைப்பரீட்சைக்குப் பொறவு ரெண்டு.”

“நீங்க ரெண்டு பேரும் குறைச்சலாச் சாப்பிட்டியளோ?”

“இல்லப்பா. நாங்க எப்பவும் போலத்தான். அம்மாதான் வடிச்ச கஞ்சி மட்டும் போதும்னு குடிச்சா.”

அப்பா பெருக்கி எழுதினார். எண்ணூற்றுப் பத்து. அறுநூற்று எழுபத்தைந்து. ஐந்நூற்று நாற்பது. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பார்த்துக்கொண்டே நின்றார். பேனா கீழே விழுந்தது. அரிசி மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு, கடையில் ஆள் நிற்பதையும் பார்க்காமல் அவர் அழுதார். “அண்ணே… பிள்ளை பாக்குது” என்றாள் கடைக்கார அக்கா.

அப்பா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பியபோதுகூட அழவில்லை. கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

“அப்பா, நான் மாத்திச் சொல்லிட்டேன்ப்பா. எப்பவும் மூணுதான். சத்தியமா மூணுதான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பேனாவை எடுத்தார். கீழே இருந்த இரண்டு எண்களையும் அடித்தார்.

“சரி தாயி. மூணுதான்.”

அன்றைக்குச் சோறு பதமாக வந்தது. அப்பாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு தப்பை நேரத்தோடு திருத்திவிட்டேன் என்ற நிம்மதியில், நான் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.